முப்பத்தோராம் அட்டை

கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூட அறைக்குள் வந்து எதிரே உட்கார்ந்ததும் நசிமா பேனாவைத் திறந்தாள். பிள்ளை நீட்டிய அட்டையில் முப்பத்தொன்று என்று எண் போட்டிருந்தது. அந்த எண் தாயில்பட்டி யோகலட்சுமிக்கு உரியது. யோகலட்சுமியை நசிமாவுக்குத் தெரியும். இது யோகலட்சுமி இல்லை.

"உன் பேரென்ன?"

"யோகலட்சுமி, டீச்சர்."

"எந்த வகுப்பு?"

"ஏழு... இல்ல, ஒம்போது, டீச்சர்."

அந்தப் பக்கத்து ஊர்களில் நோட்டும் பேனாவுமாக வருகிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். நசிமா டீச்சர் இல்லை. விருதுநகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் உதுமானின் மகள். சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டு, பிள்ளைகளின் மனச்சோர்வையும் பயத்தையும் பேச்சாலேயே குணப்படுத்த முடியுமா என்று பார்க்கிற ஓர் ஆராய்ச்சியில் அளவெடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பட்டாசு விபத்து நடந்த ஊர்களிலிருந்து அறுபது பிள்ளைகள். சீட்டுக் குலுக்கி முப்பது பேருக்கு இப்போது சிகிச்சை, மற்ற முப்பது பேருக்கு அடுத்த வருஷம், நிதி வந்தால். "நிதி வந்தால்" என்பதை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். படிக்கத் தெரியாத தாய்மாரிடம் கையெழுத்து வாங்கும் தாளில் பொடி எழுத்து எதற்கோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

ஜூன் மாதத்தில் முதல் அளவை எடுத்தவள் நசிமா. அக்டோபரில் கடைசி அளவையும் அவளே எடுக்க வேண்டும். நடுவில் பன்னிரண்டு சனிக்கிழமைகள் சிகிச்சை; அதைத் தருகிற 'பேச்சு டீச்சர்' வாராவாரம் மார்க்கும் போடுவார். அப்போது நசிமா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்குச் சீட்டு விழுந்தது என்பதே அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு சாய்ந்துவிடும், மார்க்கும் கூடவே சாய்ந்துவிடும். விதியில் தப்பில்லை என்றுதான் நசிமாவும் நினைத்தாள். அட்டையில் பேரும் கிடையாது, போட்டோவும் கிடையாது. பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊர் பேசிவிடக் கூடாதாம். அதுவும் நல்ல எண்ணம்தான். இப்படி நல்ல எண்ணங்களாக அடுக்கி அடுக்கி, கடைசியில் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்றே ஒருவருக்கும் தெரியாமல் போயிருந்தது.

ஜூனில் பார்த்த யோகலட்சுமிக்குச் சிரிப்பே இல்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏப்ரல் மாதம் அவளோடு படித்த குருவம்மாள் தன் அம்மாவுக்குச் சோறு கொடுக்கப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். யோகலட்சுமியும் கூடப் போவதாக இருந்தது. வெயிலாக இருக்கிறது, நீ போ என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குருவம்மாள் போன ஷெட் வெடித்தது. அன்றிலிருந்து யோகலட்சுமி வாசலைத் தாண்டவில்லை. அளவெடுக்கும் தாளில் இருபத்தேழு கேள்விகள், ஐம்பத்து நான்கு மார்க். எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கஷ்டம். யோகலட்சுமிக்கு நாற்பத்தொன்று வந்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது, இந்தப் பிள்ளைக்குச் சீட்டு விழ வேண்டும் என்று நசிமா விதியை மறந்து துஆ கேட்டாள்.

சீட்டு விழுந்திருந்தது. ஆனால் பாருங்கள்.

"ஏ புள்ள, நெசத்தச் சொல்லு. நீ யாரு?"

பிள்ளையின் கன்னக்குழி மறைந்தது. "தங்கம் டீச்சர். பொன்னுத்தங்கம். யோகா எங்க அக்கா."

"இன்னிக்கு மட்டும் வந்தியா?"

"இல்ல டீச்சர். பன்னெண்டு வாரமும் நான்தான் வந்தேன். ஒரு வாரங்கூட லீவு போடல." அதைச் சொல்லும்போது குரலில் பெருமை வேறு.

நசிமா பேனாவை மூடினாள். பக்கத்து அறையில் ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் விக்னேஷ்வரன் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவரிடம் போகவில்லை. தாளை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போவம்" என்று பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து அஞ்சு தெருதான். தீபாவளிக்கு முந்தின சீசன் என்பதால் தெருவில் ஆளரவமே இல்லை, எல்லாரும் கம்பெனியில் இருந்தார்கள். எங்கேயோ சாம்பிள் வெடி போட்டுப் பார்த்தார்கள். தங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த அஞ்சு தெருவைத் தாண்டி மூன்று தடவை பஸ்ஸில் போயிருக்கிறோமே, ஒரு தடவை இறங்கி எட்டிப் பார்த்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று நசிமாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அம்மா முத்துப்பேச்சி அப்போதுதான் கம்பெனியிலிருந்து அரை நாளில் வந்திருந்தாள். கையிலும் கழுத்திலும் அலுமினியப் பவுடர் மினுங்கியது. நசிமாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்க டீச்சர். தங்கம் நல்லாப் பதில் சொன்னாளா?"

"அக்கா, யாருக்கு வைத்தியம்? யார அனுப்பிச்சீக?" நசிமாவின் குரல் அவளையும் அறியாமல் உயர்ந்தது.

முத்துப்பேச்சிக்குக் கோபம் புரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "மூத்தவதான் கதவ விட்டு நகர மாட்டேங்காளே டீச்சர். மொத வாரம் இழுத்துப் பாத்தோம், நெலையப் புடிச்சுக்கிட்டு அலறுதா. போகலேன்னா எடம் போயிரும்ல? கம்பெனியில எனக்குக் காச்சல்னா எங்க நாத்தனா வந்து என் எடத்துல உக்காந்துக்கிடுவா. அவளுக்கு முடியலேன்னா நான் போவேன். போர்மேன் கண்டுக்கிட மாட்டாரு, எடத்துல ஆளு இருக்கணும், அம்புட்டுத்தான். அதான் இவள அனுப்பிச்சேன். அக்கா தேறி எந்திரிக்கிற வரைக்கும் இவ எடத்தப் புடிச்சு வச்சுக்கிடட்டும்னு."

அந்தத் தாய் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் மகளுக்கு ஓர் இடத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள், பன்னிரண்டு வாரம், சீசன் நேரத்தில். கோபப்பட வந்தவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபம் போகவில்லை, இடம்தான் மாறியது.

"பேச்சு டீச்சர் சொல்லிக் குடுத்ததெல்லாம் நான் அக்காகிட்ட வந்து சொல்லுவேன்" என்றாள் தங்கம். "மூச்ச இழுத்து விடச் சொல்லுவேன், நோட்டுல எழுதச் சொல்லுவேன். ரெண்டு வாரம் கேட்டா. அப்புறம் வாயப் பொத்துன்னுட்டா."

நசிமா உள்ளறைக்குப் போனாள். யோகலட்சுமி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜூனில் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்சமும் வற்றிப்போயிருந்தது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. நசிமா தரையில் உட்கார்ந்து தாளை விரித்தாள். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். பிள்ளை மறுக்காமல், ஏதோ கடன் கழிப்பதைப் போலப் பதில் சொன்னாள். ஒன்பதாவது கேள்வி, உயிரோடு இருப்பது பற்றியது. மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும், மூன்றாவதுதான் மோசமானது. ஜூனில் முதலாவதைச் சொன்னாள். இப்போது மூன்றாவதைச் சொன்னாள். முத்துப்பேச்சி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு வாயை மூடியிருந்தது.

நாற்பத்தேழு.

"அக்கா, பிள்ளைய ஒரு நிமிசங்கூடத் தனியா விடாதீக. நான் இப்ப வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு, நசிமா வந்த வழியே ஓடினாள்.

டாக்டர் விக்னேஷ்வரன் போனை வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பெரிய படிப்பு, பெரிய ஊர், மெல்லிய குரல். பிள்ளைகளிடம் யாரும் சத்தம் போடக் கூடாது என்று முதல் நாளே எல்லாருக்கும் வகுப்பு எடுத்தவர். நசிமா நடந்ததை மூச்சிரைக்கச் சொல்லி முடித்தாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. இதைத்தான் கேட்டார். நசிமாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"எனக்குத் தெரியும் சார். போதாதா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க நசிமா, உட்காருங்க. முப்பத்தொண்ணுதான் நம்ம சிகிச்சைக்கே சாட்சி. முதல் வாரத்துலயே பாதியாக் குறைஞ்சது. நாளைக்குச் சென்னைக் கூட்டத்துல அதைத்தான் காட்டப்போறேன். இப்ப ஒரு ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னா மத்த இருபத்தொம்பது பேரையும் சந்தேகப்படுவாங்க. அத்தோட எல்லாம் முடிஞ்சது. இந்தச் சிகிச்சை எந்த ஊருக்கும் போகாது. எத்தனை ஆயிரம் பிள்ளைங்க காத்திருக்காங்கன்னு யோசிங்க. வந்த பிள்ளை என்ன பதில் சொல்லுச்சோ அதை எழுதிட்டுப் போங்க."

"வந்த பிள்ளைக்கு நோயே கிடையாது சார். சும்மா இருந்தாலே சிரிக்கிற பிள்ளை. அது குணமாகிருச்சுன்னு எழுதவா?"

"அந்த மூத்த பிள்ளைக்கு மதுரைக்கு ஒரு லெட்டர் தரேன். பெரிய ஆஸ்பத்திரியில பாப்பாங்க. நம்ம சிகிச்சை இன்னியோட முடிஞ்சது, நான் விதியை மீற முடியாது."

"அந்தப் பிள்ள வாசலத் தாண்டி ஆறு மாசமாச்சு. மதுரைக்கு உங்க லெட்டர்தான் போகும், பிள்ள போகாது." ஆத்திரத்தில் படிப்பும் பதவிசும் போய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "ஆயிரம் பிள்ளைகள அப்புறம் பாப்பம் சார். ஒரு பிள்ள அஞ்சு தெரு தள்ளி உக்காந்திருக்கு. எந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. டீயில் மிதந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினார். அந்தக் கரண்டியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது நசிமாவுக்கு.

அவள் தாளை மேஜையில் விரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கீழே, பன்னிரண்டு வாரமும் இந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை தரப்படவில்லை, வேறு பிள்ளை வந்தது என்று எழுதி நேரத்தையும் குறித்திருந்தாள். ஒன்பதாவது கேள்விக்கு நேரே அச்சடித்த வரியில் விரலை வைத்தாள். மூன்றாவது பதில் வந்தால் ஆராய்ச்சித் தலைவர் அன்றைக்கே பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்றது அந்த வரி. விதி அவர் எழுதியது. ஆராய்ச்சிக்குக் கமிட்டியிடம் அனுமதி வாங்குவதற்காக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தது.

"விதிய மீற முடியாதுன்னீங்களே சார். இதுவும் விதிதான். இந்தத் தாளோட நகல் சாயங்காலம் அனுமதி குடுத்த கமிட்டிக்குப் போகும். அதுல நீங்க வந்தீங்கன்னு எழுதவா, வரலேன்னு எழுதவா?"

விக்னேஷ்வரன் அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. பிறகு, "உங்களுக்கு இந்த வேலை இனி இருக்காது" என்றார், அதே மெல்லிய குரலில்.

"இருக்க வேண்டாம். நடங்க."

அஞ்சு தெருவும் நசிமா முன்னால் நடந்தாள். கார் சந்துக்குள் வராது என்பதால் அவர் நடந்தே வந்தார். சாக்கடையைத் தாண்டும்போது கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சின்ன டீச்சர் பெரிய டாக்டரையே கூட்டிவந்துவிட்டாள் என்று முத்துப்பேச்சி பதறிப்போய் நாற்காலி தேடினாள். அந்த வீட்டில் நாற்காலி இல்லை. அவர் உள்ளறை நிலைக்கு வெளியே தரையில் உட்கார வேண்டியதாயிற்று. நசிமாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

"யோகலட்சுமி, நான் டாக்டர் வந்திருக்கேம்மா. எப்படி இருக்கே?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கேட்டார், மூன்றாம் தடவையும் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அதை நசிமா பார்த்தாள்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அழுகை இல்லாத, வறண்ட குரல்.

"தங்கத்துக்கு எம்புட்டு மார்க்கு போட்டீக?"

விக்னேஷ்வரன் நசிமாவைப் பார்த்தார். அவள் கதவைக் கைகாட்டினாள். "போன வாரம்... ஆறு" என்றார் அவர்.

"ஆறுன்னா?"

"ஆறுன்னா... குணமாயிருச்சுன்னு அர்த்தம்மா."

"அது என் பேருலதான?"

"ஆமா."

உள்ளே எதுவோ நகர்ந்தது. பிள்ளை கதவருகே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் இப்போது அவர் முகத்துக்கு நேரே வந்தது.

"அப்ப இந்தப் பன்னெண்டு வாரத்துல நான் செத்துப்போயிருந்தாலும், உங்க நோட்டுல நான் குணமாகித்தான் இருப்பேன், இல்லையா டாக்டர்?"

முத்துப்பேச்சி கொண்டுவந்த தண்ணிச் செம்போடு நடு வீட்டில் நின்றாள். விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் மாட்டினார். பேச்சால் குணப்படுத்தலாம் என்று புத்தகம் எழுதிய மனிதர் எழுந்துவிடலாமா என்பதுபோல வாசல் பக்கம் திரும்பினார்.

நசிமா அவர் முழங்கையைப் பிடித்து அப்படியே உட்கார வைத்தாள்.

"பிள்ள கேக்குதுல்ல சார்" என்றாள். "பதில் சொல்லுங்க."