கால் பவர் கூட

கண்ணாடிக் கடையில் பதினேழு வருடமாக நான் ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிறவர் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் பவர் கூட்டிப் போட்டுடுங்க, நல்லாத் தெரியட்டும்" என்பார். கூட்ட மாட்டேன். தேவைக்கு மேல் கால் பவர் போனாலும் தலை வலிக்கும், படியில் கால் தடுமாறும். கண்ணுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். இம்மி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே கடையில் எனக்கு வாய்க்காரி என்று பெயர் வந்துவிட்டது. தப்பில்லை. என் மூக்கின் மேல் கண்ணாடியும் உண்டு, கோபமும் உண்டு.

இந்தக் கொள்கையை வைத்துக்கொண்டுதான் அக்காவின் சனிக்கிழமையைக் கெடுக்கப் பார்த்தேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பாலங்களுக்கு வரைபடம் போடுகிறவள். ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் இருக்கிறாள். போன வருடம் அவள் ரத்தத்தில் கோளாறு என்றார்கள். எலும்பு மஜ்ஜையை மாற்ற வேண்டும் என்றார்கள். என்னுடையது பொருந்தாமல் வேறு யாருடையது பொருந்தப்போகிறது என்று ரவிக்கைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். பொருந்தவில்லை. பிறகு முகம் தெரியாத யாரோ ஒருவருடையது பொருந்தியது. அந்தப் புண்ணிய ஆத்மா ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம். அந்த ஆளை நினைத்து நான் தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன், கூடவே கொஞ்சம் பொறாமையும் படுகிறேன்.

ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து குறைந்தது ஐந்து வாரம் அவள் தனி அறையில். யாரும் உள்ளே போக முடியாது.

போனில் பேசினால் இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன், வலிக்குதா என்றால் இல்லை. ஒரு நாள் அவளே வெடித்துவிட்டாள்.

"இந்தக் கேள்வியெல்லாம் போதும்டி சோடாபுட்டி. உள்ள போனாலும் என் லேப்டாப் கூட வரும். நீ ஒரு கம்ப்யூட்டர் வாங்கு. சேர்ந்து விளையாடலாம். விளையாடுறப்ப யாரும் யாரையும் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டாங்க."

"எனக்கு முப்பத்தெட்டு வயசுக்கா."

"அதனாலதான் நல்ல கம்ப்யூட்டரா வாங்கச் சொல்றேன். ரெடிமேடா வாங்கித் தொலைச்சிடாத. ஒவ்வொரு பார்ட்டா நாமளே பாத்துப் பாத்துச் சேப்போம். எனக்கும் பொழுது போகும்."

சோடாபுட்டி என்று என்னைக் கூப்பிட உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டினால் முதல் அரை மணி எனக்கு, அடுத்த அரை மணி அவளுக்கு. திரையில் நான் கார் ஓட்டினால் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் போய் முட்டும். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் நாற்காலியைத் திரைக்கு ஒரு சாண் கிட்டே இழுத்துப் போட்டு, "இப்ப தெரியுதா?" என்றாள்.

தெரிந்தது. முதல் முறையாக ரோடு எங்கே திரும்புகிறது என்று தெரிந்தது. அதுவரை டீச்சரிலிருந்து அப்பா வரை எல்லோரும் என்னை மக்கு என்று முடிவு கட்டியிருந்தார்கள். அன்று சாயங்காலம் பதினாறு வயதுக்காரி அப்பாவின் முன்னால் நின்று, "அவ மக்கு இல்லப்பா, அவளுக்குக் கண்ணு தெரியல" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த வாரம் என் முகத்தில் சோடா பாட்டில் அடிபோலக் கண்ணாடி ஏறியது. பெயர் வைத்தவளும் அவள்தான். நான் இன்று பிழைக்கிற பிழைப்பு அந்த நாற்காலியில் தொடங்கியது.

அதனால் கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவாகிவிட்டது.

கண்ணாடிக் கடைக்கு நாலு கடை தள்ளி கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே போனால் ஒருவர் வெளியே வந்துதான் மூன்றாவது ஆள் நுழைய முடியும். அதை நடத்துகிறவரை எல்லோரும் ரிப்பேர் அண்ணன் என்போம். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். காது பக்கம் கண்ணாடி நழுவாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். என்னென்ன வேண்டும் என்று அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும் தன்னிடம் இருக்கிற பழையதையே தருவதாகச் சொன்னார். "என் கையால சுத்தம் பண்ணது. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

மூன்று வாரம் அக்காவும் நானும் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம். இந்த பிராசஸருக்கு அந்த மதர்போர்டு பொருந்தாது என்று அவள் சொன்னபோது, "பொருந்தாதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "போர்டைத்தான்டி சொன்னேன், லூசு" என்றாள். பெட்டியைக் குளிரவைக்கிற காற்றாடிகள் வண்ண வண்ணமாக எரிய வேண்டும் என்று அடம்பிடித்தாள். கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி இருக்கும் என்றேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட நான் வலிக்குதா என்று கேட்கவில்லை.

வீட்டில் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கேஸ் நாளைக்கு வந்துடும்" என்று நான் போனில் சொன்னதைக் கேட்டு எழுந்து வந்துவிட்டார்.

"போன வாரம்தானே சிலிண்டர் மாத்தினோம்?"

"அந்த கேஸ் இல்ல அத்தை."

"பின்ன எந்த கேஸு? லாரியை எங்கயாவது மோதிட்டானா?" என் கணவர் லாரி ஓட்டுகிறவர், போனால் பத்து நாள் ஆகும்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கும் கேஸ் என்றுதான் பெயர் என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "மதர்போர்டுன்னு ஒண்ணு இருக்கே, மாமியார் போர்டு கிடையாதா?" என்றார். அக்கா அந்தப் பக்கத்தில் சிரித்த சிரிப்பு கூடம் வரை கேட்டது.

சீட்டின் கடைசி வரியில் வந்து நின்றேன். 'பவர்: 650' என்று ரிப்பேர் அண்ணன் எழுதியிருந்தார். மின்சாரத்தை வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை. பவர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் என் கை தானாகப் பேனாவை எடுத்தது. ஒவ்வொரு பாகமும் எத்தனை வாட் இழுக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துக் கூட்டினேன். முந்நூற்று எண்பத்தெட்டு. எதற்கு அறுநூற்றைம்பது? நல்லாத் தெரியட்டும் என்று கூட்டிப் போடச் சொல்கிற அதே கதைதானே இதுவும்! நானூறு வாங்கினேன். கால் பவர் கூட வைத்துப் பெரிய மனது செய்ததாக நினைப்பு வேறு. அக்காவிடம் சொல்லவில்லை. பவர் விஷயத்தில் யாரையும் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை பாகங்களைப் பூட்டினேன். கண்ணாடி ஃபிரேம் திருகு மாட்டிய கைக்கு மதர்போர்டு திருகெல்லாம் கடப்பாரை. பட்டனை அழுத்தியதும் காற்றாடிகள் வண்ண வண்ணமாக எரிந்தன. மாமியார், "அழகாத்தான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அக்காவோடு ஆட்டம். ஞாயிறு அவளுக்குப் பரிசோதனைகள், திங்கள் அறைக்குள். நடுவில் கோளாறு என்றால் சரிசெய்ய நாளில்லை. அதனால் மதியமே தனியாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிற ஆட்டம் அது. அடிவாரத்தில் நன்றாக ஓடியது. மேலே போனதும் பனிப்புயல் வந்தது. மரமெல்லாம் ஆடியது. படக்கென்று திரை இருண்டு, எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி புயல், மறுபடி இருட்டு. நான்காவது தடவை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மற்றதெல்லாம் புதுசு. பழையது கார்டு ஒன்றுதான். அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு ரிப்பேர் அண்ணன் கடைக்கு ஓடினேன்.

"சுத்தம் பண்ணதுன்னு சொல்லி ஓட்டையைத் தலையில கட்டிட்டீங்களே! எங்க அக்கா திங்கக்கிழமை உள்ள போறா. அஞ்சு வாரம். இன்னைக்கு விட்டா எனக்கு நாள் இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவருக்கு எப்படித் தெரியும், நான் சொன்னால்தானே. அவர் கார்டை வாங்கித் தன் மேசையிலிருந்த கம்ப்யூட்டரில் மாட்டி, அதை உண்டு இல்லை என்று வாட்டி எடுக்கிற சோதனை ஒன்றை ஓடவிட்டார். பத்து நிமிடம் ஓடியது. அசையவில்லை.

"பவர் என்ன போட்டீங்க?" என்றார்.

"நானூறு. கணக்குப் பாத்து, கால் பவர் கூட வெச்சுதான்..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, உங்க தொழில்ல உள்ளது உள்ளபடி. இதுக்கு அப்படி இல்ல. அடிவாரத்துல பாதிதான் இழுக்கும். புயல் வர்றப்ப ஒரு நொடிக்கு ரெண்டு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்குத்தான் மிச்சம் வெக்கிறது. மிச்சம் இல்லன்னா விழுந்துடும்."

என் முகத்தில் ஈயாடவில்லை. புதிதாக வாங்கலாம் என்றால் பெரிய கடையில் செவ்வாய்க்கிழமைதான் சரக்கு வரும் என்றார். மணி மூன்றரை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, திருப்புளியை எடுத்துத் தன் கம்ப்யூட்டரைப் படுக்கப்போட்டு, அதிலிருந்து பவர் சப்ளையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"உங்க வேலை?"

"செவ்வா வரைக்கும் ஒண்ணும் முழுகிடாது. அக்கா காத்திருப்பாங்கல்ல?"

இவரைத்தான் நடுத்தெருவில் வைத்துக் கத்தினேன். "மன்னிச்சிடுங்கண்ணே" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து பல வருடம் ஆகிறது. அவர் கழற்றி முடித்ததும் அவருடைய கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ரப்பர் பேண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு காதுக் கம்பிகளையும் விரலாலேயே வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தார். நழுவவில்லை. நான் பட்ட கடனுக்கு அது ஈடாகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்கு அக்கா மலையடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டத்து அக்காவுக்கு இடுப்பு வரை முடி. "எப்படி இருக்கு என் சடை?" என்றாள். மூன்று மாதமாக அவள் போனில் முகத்தைக் காட்டுவதில்லை. "கண்ணு படப் போகுது" என்றேன்.

ஏறினோம். புயல் வந்தது. பெட்டிக்குள் காற்றாடிகள் இரைந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருளவில்லை. அவள் வழுக்கி விழுந்தாள், கயிறு விறைத்தது, நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கிழவிகளும் குழந்தைகள் மாதிரிக் கத்தினோம். மாமியார் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உச்சிக்கு இன்னும் ஒரு ஏற்றம்தான் பாக்கி. "வாடி, முடிச்சிடலாம்" என்றாள். ஆனால் அவள் குரல் மெலிந்துவிட்டிருந்தது.

"போதும்க்கா. மிச்சம் வை. புயல் வர்றப்ப இழுக்கும்."

ஏறப் போனவள் நின்றாள். "யாருடி சொன்னா?"

"ரிப்பேர் அண்ணன்."

"எங்க டாக்டரைவிட நல்லாச் சொல்லியிருக்காரு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை புதிய பவர் சப்ளை வந்தது. அதை ரிப்பேர் அண்ணன் தன் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டார். ஓடுகிறதை எதற்குக் கழற்ற வேண்டும் என்றார்.

அக்கா உள்ளே போன பத்தாம் நாள் வாயெல்லாம் புண்ணாகி அவளால் பேச முடியாமல் போனது. போன் இருந்தும் உபயோகமில்லை. ஐந்து மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா போய் உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தேன். நாங்கள் விட்ட இடத்தில், இடுப்பு வரை சடையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். ஏறவில்லை. கயிற்றை மட்டும் இரண்டு தடவை சுண்டினாள். நானும் இரண்டு தடவை சுண்டினேன். பிறகு திரையின் அடியில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'இப்ப தெரியுதா?'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் அடித்தேன்.

'நல்லாத் தெரியுதுக்கா.'