கழற்றி வைத்த கண்ணாடி

மடங்க மறுக்கும் முழங்கால்களை மடங்க வைப்பது ஆஸ்பத்திரியில் அவளுடைய வேலை. கதை எழுதுவது கிறுக்கு. அப்படித்தான் வீட்டுக்காரர் சொல்வார். அந்த வாரம் ஒரு கதையை முடித்து நிமிர்ந்திருந்தாள். அடுக்குமாடியில் தளம் மாறி இறங்கிவிட்ட ஒருவன், தன் வீடென்று நினைத்து வேறொரு வீட்டைத் திறக்கிறான். சாவியும் பொருந்தித் தொலைக்கிறது. களைப்பில் சோபாவிலேயே தூங்கிவிடுகிறான். வீட்டுக்காரி வந்து பார்க்கிறாள். கூச்சல் போடாமல், அவனுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்துகிறாள்.

மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போன இடத்தில் பழைய பத்திரிகை ஒன்று கைக்குச் சிக்கியது. சும்மா புரட்டினாள். தளம் மாறியவன், பொருந்திய சாவி, சோபா, போர்வை எல்லாம் அதில் இருந்தன. கழற்றி வைத்த கண்ணாடியும் இருந்தது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மகளைவிட அம்மாவின் முகம்தான் வெளிறியிருந்தது.

எப்போதோ படித்துவிட்டு மறந்து, தன்னுடையது என்று எழுதிவிட்டோமா? இரண்டு பேருக்கு ஒரே யோசனை வரக்கூடாதா என்றார் வீட்டுக்காரர். வரலாம், ஆனால் கண்ணாடியுமா? பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. பத்திரிகையில் எண் வாங்கி, எழுதியவரையே கூப்பிட்டாள்.

அவர் தையல் கடை வைத்திருப்பவர். கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

"நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

சொன்னாள்.

"அட, அங்கதான் நான் கால் ஒடிஞ்சு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர், கார் ஓட்டக் கத்துக்கொடுக்குறவர். முழங்காலை மடக்கும்போதெல்லாம் வலி தெரியாம இருக்க எதையாவது பேசிக்கிட்டே இருப்பார். இது அவருக்கு நடந்ததுன்னு சொன்னார்."

அந்த முழங்காலை மடக்கியவளே அவள்தான். தையல்காரரின் காலைக் கவனித்தது வேறொருவர். எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். கை வேலையில் இருக்க, காது தன் பாட்டுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கார் வாத்தியாரைப் பார்க்கப் போனார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கதைகளையும் அங்கேயே உட்கார்ந்து படித்தார்.

"எல்லாம் சரி, போர்வைகூட நிஜம். ஆனா நான் கண்ணாடியே போட்டதில்லையே. அதை யார் சொன்னது?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் என் மனைவி எனக்குக் கழற்றி வைப்பதைத்தான் எழுதினேன் என்றார் தையல்காரர். அவளுக்கோ, செய்தித்தாளோடு தூங்கிவிடும் அப்பாவும் பக்கத்தில் குனியும் அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். சந்தேகப்பட்ட மற்றதெல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தது. அவளை அதிகம் பயமுறுத்திய கண்ணாடி மட்டும் அவரவர் வீட்டிலிருந்து தனித்தனியாக வந்திருக்கிறது.

என் கதையிலிருந்து கண்ணாடியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? அது உங்க அப்பாவோடது" என்றார் தையல்காரர்.

கதையை அனுப்பும்போது பத்திரிகை ஆசிரியரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் இந்தச் சங்கதியையும் எழுதி வாங்கிக் கதையோடு சேர்த்தே போட்டார். இப்போதெல்லாம் நோயாளிகள் பேச்சைத் தொடங்கினால், இது உங்களுக்கு நடந்ததா, யாராவது சொன்னதா என்று இடைமறித்துக் கேட்கிறாள். சிலர் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலையே என்கிறார்கள்.