பல்லில்லாத இடி

இடி ஐயாவின் மேல்வரிசைப் பல்செட் மெருகேற்றும் சக்கரத்திலிருந்து எகிறிச் சுவரில் மோதி மூன்று துண்டாக விழுந்தபோது மணி ஐந்தேகால். ஆறு மணிக்கு அவர் மேடையேற வேண்டும்.

விரிசலை ஒட்டி முடித்த பல்செட்காரர் சும்மா மெருகு போட்டிருக்கலாம். மனைவியைச் சிரிக்கவைக்க, "ராஜ்யம் வருகிறது!" என்று இடி ஐயாவின் குரலிலேயே முழங்கி, பல்செட்டையும் ஆட்டிக் காட்டினார். சக்கரம் பிடுங்கிக்கொண்டது.

"வந்துடுச்சு உங்க ராஜ்யம்," என்றாள் அவள். "இதையும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

இடி ஐயா ஊரறிந்த பிரசங்கி. கடவுளின் ஆட்சி எப்போது வரும் என்பதற்கு ஏழு நிறத்தில் துணி அட்டவணை வைத்திருந்தார். அதில் குறித்த வருடத்தின் மேல் மட்டும் மூன்று முறை புதுத் தாள் ஒட்டியாகிவிட்டது. அவர் குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். அவரோ நான்கு கட்டுவார்.

பல்செட்காரர் போனபோது இடி ஐயா அரங்கின் பின்னறையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.

"ஐயா, உங்கள மாதிரி பேசிக் காட்டினேன். கை தவறிடுச்சு. ஒடஞ்சுபோச்சு."

கைக்குட்டை இறங்கியது. கன்னம் உள்ளே போய், யாரோ ஒரு சாதாரணக் கிழவர்.

"நல்லா பேசினியா?"

"அச்சு அசலா வந்துச்சு ஐயா."

"அப்ப நீயே மேடையேறு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "நாப்பது வருஷமா சத்தத்தாலயே காலத்த ஓட்டிட்டேன்பா. சத்தம் இல்லாம அந்த வார்த்தை நிக்குமா? எனக்கே தெரியல."

பல்செட்காரர் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தார். சிரிப்பு கிளம்பினால் நழுவ வசதி.

அட்டவணையை விரிக்க வந்தவர்களை இடி ஐயா கையசைத்து அனுப்பினார். ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கப்போகிறது என்றார். காற்றும் எச்சிலுமாக வந்தது குரல். முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அவர் நிறுத்தவில்லை. பாம்புப் புற்றில் பச்சைப்பிள்ளை கைவிடும், ஒன்றும் ஆகாது. சிங்கம் மாட்டைப் போல வைக்கோல் தின்னும்.

கேட்டுக் கேட்டுப் புளித்த சிங்கம்தான். ஆனால் இன்று பல்செட்காரருக்கு அதன் வாய் தெரிந்தது. கிழிப்பதற்கென்றே அமைந்த கோரைப்பற்கள். வைக்கோலை அரைக்க அவை உதவா. கடைவாய் அகலவேண்டும், தாடை பக்கவாட்டில் அசையவேண்டும், நாக்கு வேறு ருசி பழகவேண்டும். ஒரே ஒரு மனிதவாய்க்கு ஒரு வரிசை பொருந்த அவர் எத்தனை நாள் தேய்த்திருக்கிறார்! உலகத்தின் அத்தனை வாயையும், வலிக்காமல், திருத்தி அமைக்கிற கை ஒன்று இருந்தால் அது எப்பேர்ப்பட்ட கை! தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"கேக்கலை," என்றாள் ஒரு பெண், கெஞ்சுவதுபோல. யாரோ எழுந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மேடையில் அந்த மெல்லிய குரல் தொடர்ந்தது. எங்கும் தீங்கு செய்வார் இல்லை, கேடு செய்வார் இல்லை. அந்தக் குரலைப் பிடிக்க அரங்கம் முழுவதும் முன்னால் சாய்ந்தது, காற்றே இல்லாமல் ஒரு வயல் சாய்வதுபோல.