கதவு மூடியிருக்கிறதாம்

சரிவில் கட்டிய ரயில் நிலையம் அது. பிளாட்பாரத்தின் ஓரம் நெடுகக் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்றால் அதன் கதவும் தடுப்பின் கதவும் சேர்ந்து திறக்கும், சேர்ந்து மூடும். ஓட்டுநர் கிடையாது, கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொள்ளும். அவை ஒருபோதும் தப்பாகப் பார்த்துக்கொள்ளாது என்று கணக்குப் போட்டு நிரூபிப்பதுதான் அவளுடைய வேலை. ஆபீஸில் அவளுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முழு ரயிலையும் ஒரே மூச்சில் நிரூபிக்கப் பார்த்தபோது பெரிய கம்ப்யூட்டரே திணறிப் படுத்துவிட்டது. எத்தனை சக்கரம், எத்தனை கதவு, எத்தனை விதமான நேரம்! அதனால் அவள் பாகம் பாகமாகப் பிரித்தாள். 'மற்றவர்கள் இன்னதைச் செய்தால் நான் இன்னதைச் செய்வேன்' என்று ஒவ்வொரு பாகமும் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கை அது காப்பாற்றுகிறதா என்று தனியாகச் சோதிப்பாள். பிறகு வாக்குகளை மட்டும் அடுக்கிப் பார்ப்பாள். "துண்டு துண்டா வெட்டிட்டு எப்பம்மா முழுசா ஒட்டுவ?" என்று தலைமைப் பொறியாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒட்டிக் காட்டினாள். திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

பிரேக் பாகத்தின் புரோகிராமை எழுதியவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடித்தனம். வீட்டில் ஆபீஸ் பேச்சை எடுப்பதில்லை என்று இருவருக்கும் ஓர் உடன்பாடு. ஒருமுறை அதை மீறியபோது கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடியிருக்கிறான்.

அன்று காலை அவள் பிளாட்பாரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விளக்கு மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் கொஞ்ச நேரம் கரண்டை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். சுவரில் இருந்த பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. 'கதவு மூடியுள்ளது.' அவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். எதிரே கண்ணாடிக் கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது.

சற்றுப் பொறுத்துப் பலகை தானாகவே சிவப்புக்கு மாறியது. எலக்ட்ரீஷியன் கவனிக்கவே இல்லை. அவள் பாட்டிலை மூடிப் பையில் போட்டாள்.

நேரே கதவுக்காரரிடம் போனாள். கதவுப் பாகத்தை எழுதிய மனிதர் அவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"கரண்ட் வந்ததும் உங்க கம்ப்யூட்டர் கதவைப் பார்க்கறதுக்கு முன்னாடியே மூடியிருக்குன்னு சொல்லுதா?"

"முழிச்சிக்கிற வரைக்கும் அப்படித்தான் சொல்லும். அதனால என்ன? அந்த நேரத்துல ரயில் அசையாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

எழுதிக் கொடுத்தது உண்மைதான். ரயில் ஏன் அசையாது? கதவு திறந்திருந்தால் பிரேக் விடாது. கதவு திறந்திருப்பது பிரேக்குக்கு எப்படித் தெரியும்? கதவு சொல்லும். கதவு ஏன் நிதானமாகப் பார்த்துச் சொல்கிறது? பிரேக் பிடித்திருக்கும் என்ற தைரியத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பரஸ்பர நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த முதல் கணத்தில் யார் முதலில் வாக்கைக் காப்பாற்றுவது என்று அவள் சொல்லவே இல்லை. சரிவில் நிற்கும் ரயில் அந்தக் கணத்தில் பிரேக்கை விட்டால், கதவு திறந்தபடியே உருளும்.

நாத்தனாரைக் கேன்டீனில் பிடித்தாள்.

"உன் பிரேக்குல ஒரு விஷயம்..."

"என் பிரேக்குல ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்களே பாஸ் பண்ணது."

"பாஸ் பண்ணது நான்தான். தப்பும் என் மேலதான். முதல்ல கேளு."

கேட்கக் கேட்க நாத்தனாரின் முகம் சுண்டியது. கையிலிருந்த டீ ஆறிப்போனது. "நாலு பேர் ஏறிட்டு இருக்கும்போது கரண்ட் போயிருந்தா?" என்றாள்.  டீயைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க, சேர்ந்தே போய்ச் சொல்லுவோம். தனியா போனா உங்களைத்தான் கடிச்சுக் குதறுவாரு."

தலைமைப் பொறியாளர் கடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எல்லாத்தையும் முதல்லேர்ந்து நிரூபிக்கணுமா? தேதியைத் தள்ளி வைன்னு மேல சொன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"வேண்டாம் சார். பிரேக் கொடுக்குற வாக்கைக் கொஞ்சம் கெட்டியாக்கினா போதும். முழிச்சதும் யாரையும் நம்பாம பிடிச்சே இருக்கணும். கதவு தானே பார்த்து, மூடியிருக்குன்னு புதுசா சொன்ன பிறகுதான் விடணும். மத்த பாகங்களுக்குக் கொடுத்த வாக்கு குறையலைன்னா, அவங்க கணக்கைத் தொடவே வேண்டாம்."

"துண்டு துண்டா வெட்டினதுக்கு இதுதான் பலனா?"

"இதுக்காகத்தான் சார் வெட்டினேன்."

அந்தச் சின்னப் பாகத்தைக் கையால் எழுத அவள் விடவில்லை. என்னென்ன வாக்குகள் வேண்டும் என்று கொடுத்தால், அவற்றை மீறாத புரோகிராமைக் கம்ப்யூட்டரே உருவாக்கிக் கொடுக்கும். "என் பிரேக்கை மெஷின் எழுதுமா?" என்று நாத்தனார் முறைத்தாலும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் பதில் ஒரே வரியில் வந்தது: முடியாது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணத்தைத் தோண்டியபோது சிரிப்புதான் வந்தது. கதவு புதிதாகப் பேசியே தீரும் என்று யாருமே வாக்குக் கொடுக்கவில்லை. கதவு வாயே திறக்காவிட்டால் ரயில் காலம் முழுக்க அங்கேயே நிற்கும். ரயில் கிளம்பியே ஆக வேண்டும் என்று அவர்கள் கொடுத்திருந்த நிபந்தனை நிறைவேறாது. கம்ப்யூட்டர் சொன்னது நியாயம்தான்.

கதவுக்காரரிடம் போய், முழித்ததும் கதவைப் பார்த்துக் கட்டாயம் ஒரு சேதி அனுப்ப வேண்டும் என்று கேட்டார்கள். "இதை முன்னாடியே கேட்டிருந்தா அப்பவே செஞ்சிருப்பேனே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து செய்துகொடுத்தார். அவருடைய பாகத்தையும் மறுபடி சோதித்தாள், சரியாக இருந்தது. இந்த முறை புரோகிராம் பிறந்தது. வாக்குகளை மீண்டும் அடுக்கி, முதல் கணத்தையும் சேர்த்துச் சோதித்தாள். எல்லாம் பொருந்தியது. மற்ற எந்தப் பாகத்தையும் யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை, மணல் மூட்டைகளை ஏற்றிய ரயிலைச் சரிவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உள்ளே நாத்தனார் நின்றாள். தன் பிரேக்கை நம்பி வேறு ஆளை ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம். கதவுகள் பாதி மூடியபோது கரண்டை நிறுத்தினார்கள். விளக்குகள் அணைந்தன. பிறகு திரும்பப் போட்டார்கள்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தின் கோடியில் இறங்கி நின்று தண்டவாளத்தையும் சக்கரத்தையும் மட்டுமே பார்த்தாள். சக்கரம் அசையவில்லை. கதவு மெல்ல விழித்து, மீதி தூரத்தை மூடிக்கொண்டது. அதன் பிறகே பிரேக் விடும் சத்தம் பெருமூச்சு போலக் கேட்டது. ரயில் சொன்ன பேச்சைக் கேட்டு நகர்ந்தது. திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள், திரும்பத் திரும்பப் போட்டார்கள். கதவுக்காரர் வேண்டுமென்றே ஒரு மூட்டையைக் கதவிடுக்கில் தள்ளிப் பார்த்தார். ரயில் இம்மியும் அசையவில்லை.

"தேதி மாறாது!" என்று தலைமைப் பொறியாளர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

நாத்தனார் இறங்கி வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். உள்ளங்கை முழுக்க வியர்வை; துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து உங்க மேல எனக்குச் செம கோபம் அண்ணி. ராத்திரி மேல வந்து ஒரு சண்டை போடலாம்னு இருந்தேன்."

"ஏன் வரல?"

"யோசிச்சேன். நீங்க பார்க்காம விட்டிருந்தா நான் வாழ்நாள் பூரா தூங்கியிருக்க மாட்டேன்."

 நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனாரின் தோளில் தலையைச் சாய்த்தாள். எதிரே ஆளில்லாத ரயில் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்போதே அவள் கண்ணயர்ந்துவிட்டாள்.