விரலால் பார்த்த மஞ்சள்

காலையில் பிளக்ஸ் அடிக்கிற மிஷினைப் போட்டதும் சண்முகையா செய்கிற முதல் வேலை, டெஸ்ட் பிரிண்ட் எடுத்து அதை விரலால் தொட்டுப் பார்ப்பது.

மற்ற கடைகளில் ஆபரேட்டர்கள் கண்ணால் பார்ப்பார்கள். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு கட்டம் வரிசையாக விழும். கோடு எங்கேயாவது விட்டுப் போயிருந்தால் அந்த நிறத்தைத் தெளிக்கிற ஹெட்டில் மை அடைத்திருக்கிறது, துடைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். சண்முகையாவும் ஆறு வருசம் கண்ணால்தான் பார்த்தார். இப்போது இரண்டு வருசமாக மூன்றாவது கட்டம் அவருக்குத் தெரிவதில்லை. வெள்ளை பிளக்ஸில் வெள்ளையாகவே கிடக்கிறது. அதனால் அந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து இழுப்பார். பிசுபிசுவென்று ஒட்டினால் மஞ்சள் வந்திருக்கிறது. ஒட்டாவிட்டால் வரவில்லை. இது அவரே கண்டுபிடித்த வழி. ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

மஞ்சள் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. பச்சையும் நீலமும் ஒன்றாகிவிட்டன. போன வருசம் அவர் மனைவி பூமாரி ஒரு பச்சைச் சேலை எடுத்து வந்து காட்டினாள். நீலம் உனக்கு நல்லாருக்கும் என்றார். அவள் புருசனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குத்தான் பச்சையும் போனது அவருக்குத் தெரிந்தது. மையும், மை கழுவுகிற சொல்யூஷனும் மூடிய அறைக்குள் எட்டு வருசமாகக் கண்ணில் ஏறிக்கொண்டிருந்தன. அதனால்தான் இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டார். டாக்டரிடம் போகவில்லை. போனால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கலர் தெரியாதவனுக்குக் கலர் அடிக்கிற மிஷினில் என்ன வேலை?

அதற்கு முன்னால் அவர் விசைத்தறி ஓட்டினவர். இரண்டு ஷெட்டு மூடி இரண்டு தடவை தெருவுக்கு வந்தவர். மூன்றாவது தடவை வருவதற்கு ஐம்பத்திரண்டு வயசில் தெம்பு இல்லை. அவருக்கு வாசிக்க வந்ததே இந்தக் கடைக்கு வந்த பிறகுதான். மை கேன்களில் உள்ள இங்கிலீஷ் எழுத்துகளை உருவத்தை வைத்துத்தான் பழகினார். பாதி நிலா மாதிரி இருந்தால் நீலம். கவட்டைக் கம்பு மாதிரி இருந்தால் மஞ்சள். அப்போது அது வெட்கமாக இருந்தது. இப்போது அந்தக் கவட்டைதான் கஞ்சி ஊற்றுகிறது. மை தீர்ந்தால் எழுத்தைப் பார்த்து ஊற்றிவிடுவார், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அடிக்க வேண்டியிருந்தது, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசலில் கட்டுகிற பிளக்ஸ். திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அம்மன் ஒன்றுதான், கொடை மட்டும் இரண்டு. மேலத்தெருவுக்கு இந்த வாரம், கீழத்தெருவுக்கு அடுத்த வாரம். மேலத்தெருவுக்குக் கிளிப்பச்சை, கீழத்தெருவுக்கு நீலம். பந்தல் துணி, தோரணம், கரகாட்டக்காரியின் குடத்தில் கட்டுகிற ரிப்பன் வரைக்கும் அந்தக் கணக்குத்தான். நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு தோரணம் எல்லை தாண்டிக் கட்டப்பட்டதற்கு மூன்று பேருக்கு மண்டை உடைந்தது.

முந்தின நாள் ஆர்டர் கொடுக்க வந்த அருண்பாண்டியன் மேலத்தெருக்காரன், விழாக் கமிட்டியில் இருக்கிறவன். முன்னறையில் டிசைன் செய்யும் யோகலட்சுமியின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“கலர் தப்பிரக் கூடாது, பாத்துக்கோ. ஒங்கம்மா பொறந்தது கீழத்தெருதானே? அந்தப் பாசத்துல நீலத்தக் கீலத்தப் போட்டுறாத.”

“போட்டா என்ன செய்வீங்களாம்?” என்றாள் அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“செய்யதென்ன, ஒன்னையவே கம்பத்துல கட்டித் தொங்கவிட்டிருவோம்.”

“நான் பத்தடிக்கு இருபதடி இல்ல அண்ணே. வாசலுக்குப் பத்தாது.”

எல்லாரும் சிரித்தார்கள். மிஷின் அறைக் கதவருகே நின்ற சண்முகையாவும் சிரித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டெஸ்ட் எடுத்தார். மூன்றாவது கட்டத்தில் விரலை இழுத்தார். ஈரம் ஒட்டியது. சரி என்று ஓட்டிவிட்டார். அந்த ஈரம் மை இல்லை. காலையில் ஹெட்டைக் கழுவ விட்ட சொல்யூஷன் சரியாகத் துடைபடாமல், ஒரு சொட்டு அந்தக் கட்டத்தின் மேலேயே விழுந்திருந்தது. கண் உள்ளவனுக்கு அது தண்ணீர் மாதிரித் தெரிந்திருக்கும்.

ஹெட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. அம்மன் வந்தாள், கோபுரம் வந்தது, கமிட்டிக்காரர்கள் முப்பது பேரும் கும்பிட்ட கையோடு வந்தார்கள். அவர் கண்ணுக்கு எல்லாம் தினமும் வருகிற மாதிரியே வந்தது. யோகலட்சுமி கல்யாண ஆல்பம் ஒன்றில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கவில்லை. லோடு ஆட்டோக்காரன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். காய்ந்தும் காயாமலும் சுருட்டி, பேப்பர் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

பதினொன்றரை மணிக்கு முதலாளி சிஹாபுதீனின் போன் அடித்தது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அந்தச் சத்தம் மிஷின் அறை வரைக்கும் கேட்டது.

“நீலமா? என்னப்பா சொல்லுத? மூஞ்சியெல்லாம் ரோஸா? நீ சத்தம் போடாம நேர்ல வா. ஏலே, வான்னு சொல்லுதேன்லா.”

சண்முகையா விரலை முகர்ந்து பார்த்தார். காலையில் அந்த விரலில் மை வாடை இருந்ததா, சொல்யூஷன் வாடை இருந்ததா என்று யோசித்தார். இரண்டும் ஒரே வாடைதான். ஆனாலும் புரிந்துவிட்டது.

அப்போதே முன்னறைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் செய்தது வேறு. அறைக் கதவைச் சாத்தினார். ஊசியில் சொல்யூஷனை இழுத்து, மஞ்சள் ஹெட்டில் குத்தி அழுத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. சுத்தமாகத் துடைத்தார். டெஸ்ட் எடுத்து விரலால் இழுத்தார். இப்போது பிசுபிசுவென்று நன்றாக ஒட்டியது. காலையில் எடுத்த டெஸ்ட் துண்டைக் கசக்கிக் கழிவு மை வாளிக்குள் அமுக்கினார். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

ஒரு மணிக்கு அருண்பாண்டியனும் இன்னும் ஆறேழு பேரும் வந்தார்கள். பிளக்ஸைக் கடை வாசலில் ரோட்டிலேயே விரித்துப் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சனம் நின்று பார்த்தது. கிளிப்பச்சை பார்டர் பூராவும் வெளிறிய நீலம். மஞ்சள் எழுத்தில் இருந்த ‘மேலத்தெரு விழாக் கமிட்டி’ வெள்ளையாகக் கிடந்தது. முப்பது பேர் முகமும் ரோஸ் பவுடர் பூசிய மாதிரி.

“கட்டி ஏத்தின பெறகுதான் பாத்தோம்” என்றான் அருண்பாண்டியன். “கீழத்தெருப் பயலுவ விசிலடிக்கானுவ. எங்க கொடைக்கு நீங்க வாசல் வச்சுக் குடுத்திருக்கீங்களான்னு கேக்கானுவ. எங்க பயலுவ கம்ப எடுத்துட்டானுவ. பெரியாள்க புடிச்சு வச்சிருக்காங்க. எவ்வளவு நேரம் புடிச்சு வைப்பாங்கன்னு தெரியல.”

யோகலட்சுமி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. “முதலாளி, இதுல மஞ்சளே வரல. டிசைன்ல தப்பு இல்ல. மிஷின்ல மஞ்சள் அடைச்சிருக்கு. மூஞ்சியப் பாருங்க, தெரியும்.”

சிஹாபுதீன் திரும்பினார். “சண்முகையா, காலைல டெஸ்ட் எடுத்தீரா?”

“எடுத்தேன் முதலாளி.”

“மஞ்சள் வந்துச்சா?”

“வந்துச்சே.”

“இப்ப ஒண்ணு எடும்.”

எடுத்தார். முதலாளி துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “நல்லாத்தானே இருக்கு? ஒரு கோடுகூட விடலயே.”

யோகலட்சுமி அந்தத் துண்டைப் பார்த்தாள், பிறகு சண்முகையாவைப் பார்த்தாள். “அண்ணாச்சி, நெசமாவே காலைல வந்துச்சா?”

அவர் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

“பெறகென்ன!” என்று கத்தினான் அருண்பாண்டியன். “மிஷின் சரியா இருக்குன்னா இவதான் கம்ப்யூட்டர்ல மஞ்சள உருவிருக்கா. கீழத்தெரு ரத்தம்லா.”

“ஃபைலத் தொறந்து காட்டுதேன், வாங்க. பச்சையாத்தான் இருக்கு.”

“ரெண்டு மணி நேரம் ஆச்சு. இப்ப மாத்தி வச்சிருப்ப. எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். நீ எங்ககூட ஊருக்கு வந்து, கோயில் முன்னால நின்னு, நாந்தான் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போ. அப்பத்தான் எங்க பயலுவ அடங்குவானுவ.”

“செய்யாதத ஏன் சொல்லணும்?” என்றாள் அவள். “அங்கன எங்க மாமா வீடு இருக்கு. நான் போயி நின்னா அவங்க சும்மா இருப்பாங்களா? அதோட எங்கப்பா என்னைய வேலைக்கு அனுப்புவாரா?”

சிஹாபுதீன் கெட்டவர் இல்லை. ஆனால் கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது, கண்ணாடிக் கதவு புதுசு. “ம்மா, நானும் கூட வாரேன். ஒரு வார்த்தைதான். தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிட்டு வந்திருவோம்” என்றார்.

அவள் அழுதபடியே செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு கிடைத்தது, இன்னொன்று மேசைக்கு அடியில் போயிருந்தது. அதை எடுக்கக் குனிந்தாள்.

அந்தச் செருப்புத்தான் சண்முகையாவை அசைத்தது என்று சொல்ல வேண்டும். அவள் ஒற்றைக் காலில் செருப்போடு மேசைக்கடியில் கையை விட்டுத் துழாவுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அந்தப் பிள்ள போக வேண்டாம்” என்றார். “காலைல மஞ்சள் வரல. எனக்குத் தெரியல. போன் வந்த பெறகு நாந்தான் கழுவிவிட்டேன்.”

“தெரியலன்னா?” என்றார் முதலாளி.

“கண்ணுக்குத் தெரியல முதலாளி. மஞ்சள் வெள்ளையாத் தெரியுது. பச்சையும் நீலமும் ஒண்ணாத் தெரியுது. ரெண்டு வருசமாச்சு.”

அருண்பாண்டியன் சிரித்தான். “பொம்பளப் பிள்ளையக் காப்பாத்த நல்ல கத விடுதீரு வே.” அவன் மூலையில் அடுக்கியிருந்த ஸ்டிக்கர் சுருள்களில் இரண்டை உருவி அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். “சொல்லும். எது பச்ச?”

சண்முகையா பார்த்தார். ஊகமாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சரியாக விழுந்துவிட்டால் அவர் சொன்னது பொய்யாகிவிடும், வேலை போகாது. அப்படி ஒரு எண்ணம் அந்த நேரத்திலும் மனசில் வந்து போனது.

“ரெண்டும் ஒண்ணுதான் தம்பி” என்றார்.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருத்தன், “இவருக்கு ரெண்டு தெருவும் ஒண்ணுதானாம்ல” என்றான். யாரோ சிரித்தார்கள். அருண்பாண்டியன் சிரிக்கவில்லை. வலது கையில் கிளிப்பச்சையும் இடது கையில் நீலமுமாக அப்படியே நின்றான். பிறகு இரண்டையும் மேசையில் வைத்தான்.

“சரி, எங்க பயலுவள்ட்ட இத நான் எப்படிச் சொல்ல? நம்புவானுவளா?”

“நான் வந்து சொல்லுதேன்” என்றார் சண்முகையா.

“நீரு வர வேண்டாம். அஞ்சு மணிக்குள்ள பச்சையில ஒண்ணு அடிச்சுக் குடும். வாசல்ல பச்ச ஏறிட்டா மத்தது தன்னால அடங்கும்.” அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். யாரிடமோ, “ஏலே, கம்பக் கீழ போடச் சொல்லு. ஆபரேட்டருக்குக் கண்ணு தெரியலயாம். ஆமா, கண்ணு. நெசமாத்தாம்ல சொல்லுதேன்” என்று சொல்வது கேட்டது. ரோட்டில் நின்றவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

சிஹாபுதீன் அவர் பக்கத்தில் வந்தார். “டாக்டர்ட்டக் காட்டினீரா?”

“இல்ல.”

“ஏன்வே?”

“காட்டினா எழுதிக் குடுத்திருவாங்கள்லா.”

முதலாளி எங்கேயோ பார்த்தார். “கொடை முடியட்டும். பேசுவோம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு ஷெட்டு மூடியதைப் பார்த்தவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. “இப்ப ஓட்டத் தெரிஞ்சது நீரு ஒருத்தருதான். ஓட்டும். யோகு பக்கத்துல நின்னு பாத்துக்கிடுவா.”

புது ரோல் ஏற்றினார். டெஸ்ட் எடுத்தார். பழக்கத்தில் விரல் மூன்றாவது கட்டத்துக்குப் போனது. மடக்கிக்கொண்டார். யோகலட்சுமி முகம் கழுவிவிட்டு வந்து துண்டை வாங்கிப் பார்த்தாள்.

“நீலம் இருக்கு. ரோஸ் இருக்கு. மஞ்சள்ல ரெண்டு கோடு இல்ல. கறுப்பு இருக்கு.”

துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். “இப்ப?”

“இருக்கு.”

மிஷின் ஓடியது. நாலு வருசமாக அவள் இந்த அறைக்குள் வருகிறபோதெல்லாம் ‘டீ வந்துட்டு அண்ணாச்சி’, ‘ஃபைல் போட்டுட்டேன் அண்ணாச்சி’ என்றுதான் வருவாள். அந்த ‘அண்ணாச்சி’ இல்லாமல் அறை வேறு மாதிரி இருந்தது.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா” என்றாள் அவள், பிளக்ஸைப் பார்த்தபடியே. “நான் கேட்டேன்லா. மூஞ்சிக்கு நேரா கேட்டேன்.”

“கேட்ட.”

“தெரிஞ்சே நிக்க விட்டீங்க.”

அம்மனின் கிரீடம் வெளியே வந்தது. பிறகு முகம், கழுத்து, அப்புறம் பார்டர் விரிந்து வர ஆரம்பித்தது. அவர் கண்ணுக்குக் காலையில் வந்த அதே பிளக்ஸ்தான் இப்போதும் வந்தது.

“பச்சையா இருக்காம்மா?”

அவள் குனிந்து, ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“பச்சதான்.”

எப்போதும் பின்னால் வருகிற அந்த ஒரு சொல்லுக்காக அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஹெட் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அவர் குனிந்து, அடிப்பக்கம் மடங்கியிருந்த பிளக்ஸை நேராக்கிவிட்டார்.