ஜிப்பை மட்டும் பார்க்கிறவர்கள்

இஸ்தான்புல்லிலிருந்து திரும்பிய பத்தே நாளில் ஃபர்சானாவுக்குப் புகுந்த வீட்டில் ஒரு பெயர் வந்துவிட்டது: கை நழுவுகிறவள். தேனிலவுக்குப் போன இடத்தில், கப்பலில் நின்று படம் எடுக்கும்போது புதுப் போனைக் கடலில் போட்டுவிட்டாள் என்பது கதை. மாமியார் ஷஹர்பானு அவளுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். "கண்ணாடி டம்ளரு ஆறு கீதும்மா. அஞ்சாக்கிடாதே."

கோவளத்தில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். துணி காயப்போட அவள் மேலே ஏறினால் போதும், நாத்தனார் மஹீரா கீழேயிருந்து கத்துவாள்: "அண்ணி, போனை வெச்சிட்டுப் போங்க!"

ஃபர்சானாவும் சேர்ந்து சிரிப்பாள். போன் கடலில் விழவில்லை. டிராமில் திருடு போனது. கடல் கதையைக் கட்டியவன் அவள் கணவன் தௌசிஃப், அதற்குக் காரணம் மஹீரா. அதே இஸ்தான்புல்லில் மேற்படிப்புக்கு, உதவித்தொகையோடு மஹீராவுக்கு இடம் கிடைத்திருந்தது. மாமனார் நூர்முகமது சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. "ஃபர்சானா போய்ப் பார்த்துட்டு வரட்டும். அது சொல்றத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். டிராமில் நடந்தது தெரிந்தால் மஹீராவின் படிப்புக்கு அன்றோடு முற்றுப்புள்ளி.

ஆகவே ஃபர்சானா நல்லதை மட்டும் சொன்னாள். பள்ளிவாசல் படிகளில் தூங்கும் பூனைகளைச் சொன்னாள். இடுப்பு சிறுத்த குட்டிக் கண்ணாடிகளில் வரும் டீயைச் சொன்னாள். ஒரு கரையில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் மறு கரை பதில் சொல்வதைச் சொன்னாள். அவற்றில் பாதி, போவதற்கு முன்பே செங்கல்பட்டு நூலகத்து நாவல்களில் அவள் படித்து வைத்திருந்தவை. மாமனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

கல்லூரிக்குப் பதில் அனுப்ப மறுநாள்தான் கடைசி. அன்று மதியம் மாமனாருக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஃபர்சானா மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினாள். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் தெருவில் அவருடைய கடை. பை, தொப்பி, பருத்திச் சட்டை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்.

அவள் போனபோது ஐம்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பை பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம் கேட்கவில்லை, விலை பேசவில்லை. ஒவ்வொரு பையின் ஜிப்பையும் ஏழெட்டு தடவை திறந்து மூடினாள். ஒன்றை எடுத்துக்கொண்டு, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் கழற்றி வைத்த தொப்பி மேசையிலேயே கிடந்தது.

நூர்முகமது தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். "மேடம்! மேடம்!"

அவள் திரும்பினாள். கைலியைத் தூக்கிப் பிடித்தபடி தன்னை நோக்கி ஓடி வரும் ஆளைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வேண்டாம், போ! போ!" என்று இங்கிலீஷில் அலறினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அப்படியே நின்று, தொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்த தேசப்பன் குரல் கொடுத்தான். "அண்ணாத்த, அப்படி இன்னாத்த திருடின?"

"உன் இளநிய இல்ல. வேலையப் பாரு."

திரும்பி வந்தவர் தொப்பியைக் கடைக்கு வெளியே, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற கொக்கியில் மாட்டினார். கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"எங்கியோ பறிகொடுத்துட்டு வந்துகீது" என்றார். "கலரு கேட்டுச்சா? ரேட்டு பேசுச்சா? ஜிப்பைத்தான பார்த்துகினு இருந்துச்சு. பொருளு போனவங்க அப்படித்தான்."

"கோவம் வரலையா மாமா?"

"கோவம் இல்லம்மா. பேஜாரா கீது. நடுத்தெருவுல அத்தினி பேரு பார்க்கறப்போ…" மீதியைச் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

ஃபர்சானா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் கடல்ல விழல மாமா."

கை நின்றது. "பின்ன?"

சொன்னாள். டிராமில் கைக்குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, குழந்தை இவள் விரலைப் பிடித்துக்கொண்டது, இறங்கிய பிறகு பார்த்தால் பை திறந்து கிடந்தது. "அதோட போயிருந்தா பரவால்ல மாமா. அப்பறம் ரெண்டு நாளு நான் யாரு முகத்தையும் பார்க்கல. குழந்தையோட எவ வந்தாலும் திருடின்னே தோணுச்சு. மூணாம் நாளு பாலத்துகிட்ட ஒரு ரொட்டிக்காரர். வயசானவரு. எள்ளு தூவின வளையம் வளையமா ரொட்டி, தலையில தட்டு வெச்சு வித்துட்டிருந்தாரு. அவரு பின்னால வந்து என் பையைத் தொட்டாரு. நான் கத்திகிட்டே கையைத் தட்டி விட்டேன். தட்டு கவுந்து அத்தனை ரொட்டியும் ரோட்டுல கொட்டிடுச்சு."

"எதுக்குத் தொட்டாராம்?"

"பை ஜிப்பு திறந்திருந்துச்சு மாமா. அதைச் சொல்லத்தான்."

நூர்முகமது நிமிர்ந்து பார்த்தார். "தௌசிஃப்பு இன்னா பண்ணான்?"

"என்னைவிட அதிகமா கத்தினாரு."

"அந்த ஆளு?"

"கீழ உக்காந்து ரொட்டியைப் பொறுக்கினாரு. எனக்கு அப்பதான் ஜிப்பு கண்ணுல பட்டுச்சு. மன்னிச்சுக்குங்கன்னு சொல்ல அவங்க பாஷையில எனக்கு வார்த்தை தெரியல. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. வந்துட்டோம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடைக்கு முன்னால் ஒரு பஸ் கூட்டம் இறங்கி, தொப்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கோயில் பக்கம் நகர்ந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை.

"இப்ப மஹீராவ வேணாம்னு சொல்லிடுவீங்க இல்ல?" என்று கேட்டாள். "அவ என்னை மாதிரி இல்ல மாமா. நான் பண்ணத வெச்சு அவள நிறுத்திடாதீங்க."

"நீ வர்ற வரைக்கும் வேணாம்னுதான் இருந்தேன்" என்றார் நூர்முகமது.

அவளுக்குப் புரியவில்லை.

"பத்து நாளா நீ சொன்னதுல ஒரு குத்தம் குறை உண்டா? பூனை அழகு, டீ அழகு, பாங்கு அழகு. ஒரு குறையும் சொல்லாம விக்கிறவனாண்ட நான் சரக்கு எடுத்ததே இல்ல. இந்தப் பொண்ணு ஏதோ பெருசா மறைக்குது, அந்த ஊருல இவளுக்கு இன்னாவோ ஆயிகீதுன்னு நெனச்சிகினு நானும் உன் மாமியும் சரியாத் தூங்கல." அவளை நேராகப் பார்த்தார். "போனுதானா? வேற ஒண்ணும் இல்லியே?"

"போனுதான் மாமா."

"அல்லா மேல?"

"அல்லா மேல சத்தியமா."

"அடப் போம்மா!" அவர் பெரிய மூச்சாக விட்டார். "போனாம் போனு. செங்கல்பட்டு பஸ்ஸ்டாண்டுல நானே ரெண்டு தொலைச்சிகீறேன். உன் மாமியாண்ட சொல்லாதே." ஒரு வாய் சோறு எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு வாய். "அவளுக்குப் போனைப் போடு. போவச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"கையில சோறு கீது. நீ சொல்லு. திருடு போனத அப்பால சொல்லிக்கலாம். மொதல்ல அந்த ரொட்டிக்காரரச் சொல்லு."

முதல் மணியிலேயே மஹீரா எடுத்துவிட்டாள். "அண்ணி? அத்தா இன்னா சொன்னாரு?"

"போவச் சொல்லிட்டாரு. ஏய், கத்தாதே. கேளு. அங்க பாலத்துகிட்ட ஒரு ரொட்டிக்காரர் இருக்காரு. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருப்பாரு. போனதும் அவரைத் தேடிப் பிடிக்கணும் நீ. அதுக்கு முன்னால அவங்க பாஷையில மன்னிப்பு கேக்கக் கத்துக்கணும்."

"யாரு அண்ணி அவரு? எதுக்கு மன்னிப்பு?"

நூர்முகமது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபர்சானா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.