எட்டரை மணி அளவு

அப்பாவைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்த ஈரத்தை மேகலா துடைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய போன் அலமாரியில் அடித்தது. மணி எட்டு பத்து.

"வைரக்கண்ணு அண்ணே, ராத்திரி பேய்மழை. எவ்வளவு வரும்?" மழை அளவைக் கேட்கும் ஆபீஸ்காரர்.

"அப்பா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க. நான் பொண்ணு பேசுறேன்."

"மனசத் தேத்திக்கம்மா. இன்னைக்கு நூத்தம்பது மில்லிமீட்டர்னு தோராயமாப் போட்டுக்கறேன். பரவால்ல."

"போடாதீங்க சார். அளந்து சொல்றேன்."

அம்மா ராஜாத்தி நிமிர்ந்தாள். "குளிப்பாட்டுற நேரத்துல எங்கடி போற? இருந்தப்பதான் எட்டரைக்கு வீடு தங்க மாட்டாரு. செத்தும் அதே கதையா?"

நியாயமான கோபம்தான். மேகலா கழுத்தில் தாலி ஏறியபோதுகூட மனுஷன் அரசு பங்களாத் தோட்டத்து மழைமானியை அளக்கப் போயிருந்தார். திரும்பி வந்து, மாலையோடு நின்றவளிடம் "சைபர்ம்மா" என்றார். குத்தாலத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டுப் போனபின் தினமும் எட்டே முக்காலுக்குப் போன் வரும். மழை இருந்தால் அளவு, கோடை முழுக்க சைபர். வேறு பேசத் தெரியாது. பாதி நாள் அவள் எடுக்கமாட்டாள். நேற்றும் எடுக்கவில்லை. அந்த ஒரு நாள் எடுத்துத் தொலைத்திருக்கலாம்.

அம்மா பித்தளைக் குடத்தை நீட்டினாள். "வாய்க்கா தண்ணி சேறாக் கெடக்கு. போனதுதான் போற, பங்களா குழாயில குளிப்பாட்டத் தண்ணி புடிச்சுட்டு வா."

பக்கத்து வயல்காரர் வீரையன் குடையோடு துணைக்கு வந்தார். இரண்டு பக்கமும் சம்பா நடவு தெரியவே இல்லை, ஒரே வெள்ளம்.

"உங்கப்பா போன வாரம் சொன்னாரு. அவரு அளக்க ஆரம்பிச்ச மொத இருவது வருசத்துல மழை இருநூறு தாண்டுனது ஒரே நாளாம். இந்தப் பத்து வருசத்துல அஞ்சு நாளு. தோராயமா எழுதுனா இது யாருக்குமே தெரியாமப் போயிரும்னாரு."

"எனக்கும் சொல்லியிருப்பாரு மாமா. நான்தான் போனை எடுக்கல."

பங்களா தோட்டத்து மழைமானியின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த பாத்திரத்தை எடுத்தாள். அளவுக் குடுவை இருபது மில்லிமீட்டர்தான் கொள்ளும். ஊற்றி, குந்தி உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். ஒன்று. அளந்ததைத் தரையில் கொட்டவேண்டும். அப்பா அப்படித்தான் செய்வார். அவளுக்குக் கை வரவில்லை. குடத்தில் ஊற்றினாள். இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். பத்துக் குடுவை நிறைந்தும் மிச்சம் இருந்தது.

"இருநூத்திப் பதினேழு புள்ளி நாலு," என்று போனில் சொன்னாள்.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"நல்லாப் பாத்தேன் சார்."

குடம் பாதிகூட நிறையவில்லை. "குழாயில ரொப்பிக்க" என்றார் வீரையன். வேண்டாமென்று தலையாட்டினாள்.

பந்தலுக்கடியில் அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். அவள் தலையில் மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் நெற்றியில் இறங்கி, நரைத்த மீசையை நனைத்து, நெஞ்சோடு வழிந்து முடிந்துபோனது.

"வெறிச்சிருச்சு, இனிமே பெய்யாது. பயிரு பொழைச்சாலும் பொழைக்கும்," என்று வீரையன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி மேகலா நின்றாள். இன்னும் கொஞ்சம் பெய்திருக்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.